காதோரப் பொட்டு

மூன்றாம் வகுப்பு ஆ பிரிவில் எல்லாப் பிள்ளைகளின் காதிலும் கலாமணி டீச்சர் பேசிக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் கலாமணி டீச்சர் சன்னலோரம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டிலை மூடிவிட்டுத் திரும்பியபோது கடைசி வரிசையில் லிப்ஸா சிரிப்பதைப் பார்த்தாள். பெரிய சிரிப்பு இல்லை. உதட்டின் ஒரு மூலை மட்டும் ஏறி இறங்கியது. லிப்ஸா ஒடிசாவிலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பத்துப் பெண். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து கலாமணியிடம் அவள் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. ஆனால் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கறுப்புப் பொட்டிடம் நாள் முழுக்கப் பேசினாள். தலையைச் சாய்த்து ரகசியம்போலக் கேட்டு, ரகசியம்போலப் பதில் சொன்னாள்.

அந்தக் கருவியைச் செய்த கம்பெனி அதற்கு ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தது. கைக்குழந்தைக்குக் கண்படாமலிருக்க வைக்கும் மைப்பொட்டைப் போல இருந்ததால் பிள்ளைகள் அதைப் பொட்டு என்றார்கள். பிள்ளை முணுமுணுப்பதையும் பென்சில் தயங்கி நிற்பதையும் வைத்து, பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பொட்டு கண்டுபிடிக்கும். உடனே பிள்ளையின் தாய்மொழியில், அதன் காதுக்கு மட்டும் சொல்லித் தரும். லிப்ஸாவுக்கு ஒடியாவில், பீகார் பையன்களுக்கு இந்தியில், உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழில். எந்த மொழியானாலும் குரல் கலாமணியுடையது.

இப்போது என்ன சொல்லி இவளைச் சிரிக்க வைத்தேன் என்று கலாமணி யோசித்தாள்.

அன்று சாயங்காலம் பள்ளி வாசலில் லிப்ஸாவின் அம்மா காத்திருந்தாள். பனியன் கம்பெனியிலிருந்து நேரே வந்திருந்தாள்; முடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"டீச்சர், ரொம்ப நன்றி. வீட்ல எப்பவும் உங்க பேச்சுதான். கலாக்கா இப்படிச் சொன்னாங்க, கலாக்கா அப்படிச் சொன்னாங்க. நேத்து இவளுக்கு வயித்துவலி. நீங்கதான் பக்கத்துல இருந்து பேசிட்டே இருந்தீங்களாமே?"

"ஆமாங்க, அதுக்கென்ன" என்றாள் கலாமணி.

நேற்று லிப்ஸாவுக்கு வயிற்றுவலி வந்ததே அவளுக்குத் தெரியாது. கலாக்கா என்று தன்னை யாரும் கூப்பிட்டதும் இல்லை. தன்னிடம் வரும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் அவள் வெறும் 'டீச்சர்'தான். அந்தத் தாய் கும்பிட்ட கும்பிடு தன்னைத் துளைத்துக்கொண்டு, பின்னால் நிற்கிற வேறு யாருக்கோ போவதுபோல அவளுக்கு இருந்தது. திரும்பிப் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை.

பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து, தன்னையே பார்த்துப் பொறாமைப்பட முடியுமா என்று நினைத்தாள். சின்ன வயதில் அக்காவின் பட்டுப்பாவாடையைப் பார்த்தபோது வயிற்றில் எரிந்த அதே நெருப்புதான் இப்போதும் எரிந்தது. அக்காவிடமாவது சண்டை போட முடிந்தது.

பொட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கியதே அவள்தான்.

போன வருடம் இதே பிள்ளைகளுக்கு இரண்டாம் வகுப்பிலும் கலாமணிதான் டீச்சர். அப்போது ரஷ்மிதா என்று ஓர் உதவியாளர் இருந்தாள். ஒடிசாக்காரி. பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, தமிழ் கற்று, பிறகு பள்ளியில் மொழி உதவிக்குச் சேர்ந்தவள். கலாமணி பலகை முன்னால் பாடம் நடத்துவாள். ரஷ்மிதா தரையில் சம்மணமிட்டுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். மணி அடித்ததும் பிள்ளைகள் எல்லோரும் அவள் மேல்தான் போய் விழுவார்கள். ஆசிரியர் தினத்தன்று கலாமணிக்குப் பேனாவும் சாக்லேட்டும் வந்தன. லிப்ஸா மட்டும் காகிதத்தில் ஒரு பூச் செய்துகொண்டு வந்து, கலாமணியைத் தாண்டிப் போய், ரஷ்மிதாவின் கொண்டையில் செருகினாள். கலாமணி கைதட்டினாள். கைதட்டிய இரண்டு கையும் எரிந்தன.

கோடை விடுமுறைக்கு முன்னால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்தது. தலைமையாசிரியர் சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"சாக்பீஸ், சார்ட் அட்டைக்கே இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு இருக்குது. வந்திருக்கற பணம் ஒண்ணுக்குத்தான் ஆகும். ஒண்ணு, ரஷ்மிதாவை அடுத்த வருசமும் வெச்சுக்கலாம். இல்லீன்னா இந்தப் பொட்டை வாங்கிப் போடலாம். கிளாஸ் உங்குளுதுங்க டீச்சர். நீங்களே சொல்லீருங்க."

"ஆள் எதுக்குங் சார்? பொட்டே போதும்."

"நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"யோசிச்சாச்சுங் சார். இனிப் புள்ளைங்க என்ற குரலையே கேக்கட்டும்."

அவள் ஆசைப்பட்டபடியேதான் நடந்தது. பிள்ளைகள் இப்போது அவளுடைய குரலை மட்டுமே கேட்கிறார்கள்.

ஒரு முறை கணக்குப் பாட நேரத்தில் எல்லோரையும் பொட்டைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னாள். வகுப்பே, விளக்கணைந்த அறையில் நிற்பதுபோல விழித்தது. அவள் லிப்ஸாவுக்குப் பக்கத்தில் குனிந்து, தனக்குத் தெரிந்த அளவு கனிவோடு, "என்ன கண்ணு, புரியலையா?" என்றாள். லிப்ஸா நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மேசையில் கிடந்த பொட்டிலிருந்து எறும்பு பேசுவதுபோல ஏதோ ஒலி வந்தது. லிப்ஸாவின் கை அதை நோக்கி நகர்ந்தது. கலாமணி பார்த்ததும் கை பின்வாங்கியது.

வேறு வழி தெரியாமல், பெட்டியில் மிச்சமிருந்த ஒரு பொட்டை எடுத்துத் தன் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள். லிப்ஸாவின் பொட்டு பேசுவது இவளுக்குத் தமிழில் கேட்கும்படி அமைத்தாள். அது என்னதான் சொல்கிறது என்று கேட்டு, அதையே தன் வாயால் சொல்லிவிடுவது அவள் திட்டம்.

நானூற்று இரண்டிலிருந்து நூற்று முப்பத்தெட்டைக் கழிக்க வேண்டும். லிப்ஸாவின் பென்சில் நடுவிலிருந்த சைபரின் மேல் நின்றுவிட்டது.

"இந்தச் சைபர்கிட்ட ஒண்ணுமே இல்லையே. அதுகிட்ட எப்படிக் கடன் கேக்கறது?" என்று முணுமுணுத்தாள்.

கலாமணியின் காதில் கலாமணி சிரித்தாள். "அட, ஆமாம்ல! எனக்கும் அதுதான் தெரியல. நீ கண்டுபிடிச்சு எனக்குச் சொல்றியா? அடுத்த வீட்டுல வேணா கேட்டுப் பாப்பமா?"

கலாமணிக்குத் திக்கென்றது. பிள்ளையிடம் போய் எனக்குத் தெரியாது என்று சொல்வதா? இத்தனை வருட வேலையில் ஒரு நாளும் அவள் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் குனிந்து, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கும் அதுதான் தெரியல. நீ கண்டுபிடிச்சு எனக்குச் சொல்றியா?"

லிப்ஸா நிமிர்ந்து, முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தாள். ஒடியாவில் ஏதோ கேட்டாள். பொட்டு அதைத் தமிழாக்கிக் கலாமணியின் காதில் போட்டது.

"கலாக்கா சொன்னதையே நீங்க எதுக்கு டீச்சர் திருப்பிச் சொல்றீங்க?"

பக்கத்திலிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். கலாமணியும் சிரித்துவைத்தாள். பிறகு கழிப்பறைக்குப் போய், முகம் கழுவுகிற சாக்கில் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

பொட்டுக் கம்பெனியிலிருந்து பராமரிப்புக்கு வரும் பையன் பெயர் நிரஞ்சன். சென்னைக்காரன். அடுத்த வாரம் வந்தவனைக் கலாமணி பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, இந்தப் பொட்டு நான் பேசாததெல்லாம் பேசுது. இதுக்கு யாரு இப்படிப் பேசக் கத்துக்கொடுத்தது?"

"நீங்கதான் மேடம். வேற யாரு?"

"நான் எந்தப் புள்ளைகிட்டயும் எனக்குத் தெரியாதுன்னு சொன்னதில்ல."

நிரஞ்சன் மடிக்கணினியைத் திறந்தான். "சிம்பிளா சொல்றேன் மேடம். பொட்டு வாங்க முடிவானதும் கூரையில மாட்டின மைக், போன வருஷக் கடைசியிலேர்ந்து உங்க கிளாஸைக் கேட்டுட்டு இருக்கு. குரலை உங்ககிட்ட எடுத்துக்கிச்சு. ஆனா தடுமாறி நிக்கற குழந்தைகிட்ட என்ன பேசணும்னு கத்துக்க அதுக்கு ஒரே அளவுகோல்தான். எந்தப் பேச்சுக்கு அப்புறம் குழந்தைக்குக் கணக்கு வந்துச்சோ, அந்தப் பேச்சை எடுத்துக்கும். இருங்க, அந்தப் பதிவையே போடறேன்."

அவன் ஒரு பொத்தானைத் தட்டினான். போன வருட வகுப்பின் இரைச்சல். தூரத்தில் கலாமணியின் குரல் வாய்ப்பாடு சொல்கிறது. பக்கத்தில், மைக்குக்கு நேர் கீழே, வேறொரு பெண்ணின் குரல். "அட, ஆமாம்ல! எனக்கும் அதுதான் தெரியல..."

ரஷ்மிதா.

நிரஞ்சன் இன்னொன்று போட்டான். அதிலும் ரஷ்மிதா. இன்னொன்று. அதிலும் அவள்தான்.

கலாமணிக்கு முதலில் வந்தது சிரிப்பு. யாரை வகுப்பிலிருந்து துரத்தினாளோ, அவளையே கூட்டி வந்து தன் தொண்டைக்குள் குடிவைத்திருக்கிறாள். இத்தனை மாதம் பொறாமைப்பட்டது புது ஆளிடம்கூட இல்லை. அதே ஆளிடம்தான்.

"யாரு மேடம் இவங்க?" நிரஞ்சனின் முகம் மாறியிருந்தது. "இவங்க சம்மதம் எங்க? யாரோட பேச்சை எடுத்தாலும் அவங்களே வாயால சம்மதம் சொல்லணும், சட்டம் இருக்கு. உங்களுது மட்டும்தான் எங்ககிட்ட இருக்கு."

"இல்லாட்டி என்னாகும்?"

"இவங்ககிட்டக் கத்துக்கிட்டது எல்லாத்தையும் அழிக்கணும். அப்புறம் பொட்டு முழுக்க முழுக்க நீங்கதான்."

முழுக்க முழுக்க நீங்கதான். அந்தச் சொற்கள் அவளுக்கு இனித்தன. ஆனால் செய்தி கேட்ட சென்னியப்பன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அந்த லிப்ஸாப் புள்ள இப்பத்தான் ரெண்டு கணக்குப் போடுது. அதையும் கெடுத்துப்போடாதீங்க டீச்சர். நேருல போயி ரஷ்மிதாகிட்டக் கேளுங்க. வேண்டாம்னு சொன்னது நீங்கதானுங்க, நான் போனா நல்லாருக்காது."

ரஷ்மிதா இப்போது ஒரு பனியன் கம்பெனியில் துணிகளில் பிசிறு வெட்டுகிற வேலையில் இருந்தாள். டீ நேரத்தில் எதிரே இருந்த பேக்கரிக்கு வரச் சொன்னாள். வழியெல்லாம் கலாமணியின் மனம் இரண்டாகப் பேசியது. அவள் சம்மதிக்க வேண்டும் என்றது ஒன்று. தயவுசெய்து மறுத்துவிடட்டும் என்றது இன்னொன்று.

"வாங்க டீச்சர். எளைச்சுட்டீங்க" என்றாள் ரஷ்மிதா. "லிப்ஸா எப்படி இருக்கா? முன்பல்லு முளைச்சுதா?"

கலாமணி கவனித்ததில்லை. "முளைச்சிருச்சு" என்றாள்.

விஷயத்தைச் சொல்லி முடித்ததும் ரஷ்மிதா டீ கிளாஸை நகர்த்தி வைத்தாள். "நான் ஒரு தடவ கேக்கலாமா அத?"

கலாமணி கைப்பையிலிருந்து பொட்டை எடுத்துக் கொடுத்தாள். ரஷ்மிதா அதைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி, மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப்போல ஒடியாவில் எதையோ கேட்டாள். பதில் வந்திருக்க வேண்டும். மூடிய கண்ணோடு சிரித்தாள். இன்னொன்று கேட்டாள். இந்தமுறை சிரிப்பு பாதியில் நின்றது. அடுத்த மேசையில் பப்ஸ் தின்றுகொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க என்கிட்ட ஒரு நாளும் இப்படிப் பேசினதில்ல, டீச்சர்" என்றாள் கண்ணைத் திறந்து.

அந்த நிமிடத்தில்கூட, தன் குரல் ரஷ்மிதாவைச் சிரிக்க வைத்துவிட்டதே, தன்னால் முடியவில்லையே என்றுதான் கலாமணிக்கு இருந்தது.

ரஷ்மிதா பொட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அழிச்சிடச் சொல்லுங்க."

"லிப்ஸாவுக்காகவாவது..."

"லிப்ஸாவுக்காகத்தான் என்னை வெச்சுக்கங்கன்னு அன்னிக்கு உங்ககிட்டக் கேட்டேன். ஞாபகம் இருக்கா? மாடிப்படியில நின்னு கேட்டேன். நீங்க போன் பாத்துட்டே இருந்தீங்க." அவள் குரல் உயரவில்லை. "நான் வேண்டாம். என் பேச்சு மட்டும் வேணும். அதுவும் உங்க பேருல. அந்தப் புள்ளைங்க என்னை மறந்துட்டு உங்களைக் கலாக்கா, கலாக்கான்னு சுத்தும். நான் இங்க நூலு வெட்டிட்டு இருப்பேன்."

"அதுங்க உன்ன மறக்கல ரஷ்மிதா."

"மறக்கலன்னா தேடட்டும். தேடி அழட்டும். நானும் மனுஷிதான டீச்சர், எனக்கும் வயிறு எரியும்." எழுந்துகொண்டாள். கம்பெனி மணி அடித்திருந்தது. "டீக்குக் காசு குடுத்துட்டேன்."

நிரஞ்சன் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அழித்தான்.

திங்கட்கிழமை காலை கலாமணி வேண்டுமென்றே புதுப் புடவை கட்டிக்கொண்டு போனாள். தன் காதிலும் ஒரு பொட்டை ஒட்டிக்கொண்டாள். இனி அது நான்தான். முழுக்க நான்.

கணக்கு நேரம். லிப்ஸாவின் பென்சில் ஒரு சைபரின் மேல் நின்றது. அவள் முணுமுணுத்தாள்.

"போன வாரம் சொன்னதை இன்னிக்கு மறந்தா எப்படி?" என்றது பொட்டு. "பலகையைப் பார். வரிசையா எழுது."

தப்பாக எதுவும் சொல்லவில்லை. கணக்கின் விதியையும் சரியாகச் சொன்னது. நல்ல கணீர்க் குரல். வருடக்கணக்காகப் பெற்றோர் பாராட்டிய குரல். லிப்ஸாவின் தோள்கள் மெல்ல உள்ளே மடங்குவதைக் கலாமணி பார்த்துக்கொண்டே இருந்தாள். முன்வரிசையில் ஒரு பையன் பொட்டை விரலால் தட்டிப் பார்த்தான், பழுதாகிவிட்டதோ என்று. பீகார்ப் பையன் ஒருவன் அதைக் கழற்றி ஊதிவிட்டு மறுபடியும் ஒட்டிக்கொண்டான்.

மதியத்துக்கு முன்னால் லிப்ஸா எழுந்தாள். பொட்டைக் கழற்றிச் சிலேட்டின் மேல் வைத்துவிட்டு, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து வந்து, ஆசிரியை மேசைக்கு முன்னால் நின்றாள். வகுப்பு முழுவதும் அவளையே பார்த்தது.

"கலாக்கா" என்றாள்.

தமிழில் பேசினாள். ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி எடுத்துப் பேசினாள். "உள்ள இருக்கற டீச்சர் திட்டறாங்க. நீங்க வெளிய வந்துட்டீங்களா?"

கலாமணிக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. பிள்ளைகள் தங்களுக்குள் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். அன்பான கலாக்கா பொட்டிலிருந்து போய்விட்டாள். கோபக்கார டீச்சர் உள்ளே போய்விட்டாள். அப்படியானால் இப்போது வெளியே, இந்த மேசைக்குப் பின்னால், புதுப் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கலாக்காவாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்காகத்தானே ஏங்கினாள். பிள்ளை அவளைத் தேடி வந்திருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி, நேருக்கு நேர் கூப்பிட்டிருக்கிறது. முன்பல் பாதி முளைத்திருந்தது.

லிப்ஸா நோட்டை விரித்து, சைபரின் மேல் விரல் வைத்துக் காத்திருந்தாள்.

என்ன சொல்வது? கலாமணி தனக்குள் தேடினாள். விதி இருந்தது, அதட்டல் இருந்தது, பாராட்டுக்கு என்று வைத்திருந்த 'வெரி குட்' இருந்தது. இந்த விரலுக்குச் சொல்ல அவளிடம் ஒரே ஒரு பேச்சுதான் இருந்தது. அதுவும் அவளுடையதில்லை. அதன் சொந்தக்காரி அதை அழிக்கச் சொல்லிவிட்டாள்.

கூரையில் மைக் கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைக்குக் கணக்கு வரவைக்கிற பேச்சு எதுவோ, அதற்காக எந்நேரமும் காத்திருக்கிற மைக். கலாமணிக்கு அது தெரியும். லிப்ஸாவின் கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிப்போயிருக்கலாம். அதுவும் அவளுக்குத் தெரியும். நாற்காலியை விட்டு அவள் எழவில்லை.

"அட, ஆமாம்ல" என்றாள். "எனக்கும் அதுதான் தெரியல கண்ணு. நீ கண்டுபிடிச்சு எனக்குச் சொல்றியா?"

லிப்ஸா சிரித்தாள். மேசையின் மேல் ஏறி முட்டி போட்டுக்கொண்டு, அடுத்த வீட்டில் கடன் கேட்டு, அதைச் சைபருக்குக் கொடுத்து, சைபரிடமிருந்து வாங்கி, கணக்கை முடித்தாள். எப்படி என்று டீச்சருக்குப் பொறுமையாகச் சொல்லியும் கொடுத்தாள்.

அந்த வாரக் கடைசியில் நிரஞ்சன் போனில் கூப்பிட்டான். குரலில் உற்சாகம் தெரிந்தது.

"மேடம், அழிச்சதுக்கப்புறம் பொட்டு சரியா வராதுன்னு பயந்துட்டு இருந்தேன். நாலே நாள்ல பழையபடி ஆயிடுச்சு! 'எனக்கும் தெரியல, நீ கண்டுபிடிச்சுச் சொல்றியா'ன்னு ஒண்ணு புதுசா கத்துக்கிட்டிருக்கு. குழந்தைங்க எல்லாம் மறுபடி பேச ஆரம்பிச்சுட்டாங்க. சம்மதப் பிரச்சனையும் இல்ல. நீங்க சொன்னதுதான், பதிவுல தெளிவா இருக்கு. மத்த ஸ்கூலுக்கும் இதையே அனுப்பலாம்னு மேலிடத்துல கேக்கறாங்க." சற்று நிறுத்தினான். "ஆனா ஒரு தடவ கேட்டுக்கறேன் மேடம். இது உங்களோடதுதானே?"

வகுப்பில் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். லிப்ஸா தலையைச் சாய்த்து எதையோ கேட்டுச் சிரித்தாள். பொட்டு மீண்டும் அவள் காதில் இருந்தது. திங்கட்கிழமைக்குப் பிறகு ஒரு முறைகூட அவள் மேசைக்கு வரவில்லை.

"ஆமாங்க தம்பி" என்றாள் கலாமணி. "என்னோடதுதான்."